மாறாத சாம்பல்: டோல்கேட்டில் ஒரு கறுப்பு-வெள்ளைச் சுருள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர் நிறைந்த அவையில் இருட்டறையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. வெப்பமானி, அளவுக்குடுவை, கைக்கடிகாரம், ஒரு வாளித் தண்ணீர் ஆகியவற்றோடு செய்யும் வேலை அது. ஆயினும் டோல்கேட்டில் கூடும் ஓர் இலக்கிய வட்டம், தான் வாழும் ஊரின் நிறத்தைப் பற்றி ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கலாம். இந்த ஊரின் நிறம் சாம்பல். அந்தச் சாம்பலைப் படச்சுருளில் பிழையின்றிப் பதிப்பது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டோல்கேட்டருகே நிற்பவருக்குக் கிழக்கே சிறிது தொலைவில் கடல், தெற்கே துறைமுகம், வடக்கே தியாகராசர் கோயிலும் அதற்கப்பால் எண்ணூரும். கடலிலிருந்து வரும் ஈரம், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, ஆலைப்புகை ஆகிய மூன்றும் கலந்த ஒரு வெண்மை நண்பகல் வானில் எப்போதும் தங்கியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை–விம்கோ நகர் மெட்ரோ தடம் திறக்கப்பட்டதிலிருந்து, சாலைக்கு மேலே எழுந்த பாலம் நாள் முழுவதும் ஒரு கரிய நிழலை விரித்து வைத்திருக்கிறது. வெண்மைக்கும் கருமைக்கும் இடையே எத்தனை சாம்பல்கள் உண்டோ அத்தனையும் இங்கே சுவர்களில் கிடைக்கும். கறுப்பு-வெள்ளைப் படம் எடுப்பவனுக்கு இதைவிட வளமான ஊர் இல்லை. இதைவிட ஏமாற்றும் ஊரும் இல்லை.

ஏமாற்றம் எங்கே வருகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சென்னைத் துறைமுகத்தில் குவிக்கப்பட்ட நிலக்கரியின் தூசு வீடுகளில் படிகிறது என்பது ராயபுரம் முதலிய பகுதி மக்களின் நெடுங்கால முறையீடு. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையை ஒட்டி 2011 அக்டோபர் முதல் அங்கே நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளப்படுவது நின்று, எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. ஆணைக்கு முன் 2010-இல் ஒரு வீட்டுச் சுவரை ஒருவர் படம் எடுத்திருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அதே சுவரை 2013-இல் மீண்டும் எடுத்தார். இரண்டாவது படத்தில் சுவர் வெளுத்திருக்கிறது. கரி குறைந்ததால் வெளுத்ததா? அல்லது முதற்படத்தை ஒரு டெவலப்பரில் 31 பாகை வெப்பத்திலும், இரண்டாவதை வேறொரு டெவலப்பரில் 26 பாகையிலும் கழுவியதால் வெளுத்ததா? விடை சொல்ல இயலாது. படம் எடுத்தவரே சொல்ல இயலாது என்பதுதான் கொடுமை. அழகான இரண்டு படங்கள் அவர் கையில் இருக்கும். சான்று ஒன்றும் இருக்காது.

இருட்டறையில் ஒரே முறையைக் கைவிடாது பின்பற்ற வேண்டும் என்று பழைய ஸ்டுடியோக்காரர்கள் வலியுறுத்தியதை வெறும் தொழில் கண்டிப்பு என்று எண்ணுவோர் உண்டு. வட சென்னையில் அந்தக் கண்டிப்புக்கு வேறொரு நியாயம் இருக்கிறது. எடுப்பவனுடைய வேலையால் விளைந்த சாம்பல் எது, ஊரால் விளைந்த சாம்பல் எது என்று பிரித்தறிய அதைத் தவிர வேறு வழியில்லை.

இம்முறைமைக்குத் தமிழ்நாட்டில் ஒரு தொன்மையான முன்னோடி உண்டு. சென்னைப் படையைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1856-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டில் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய்ப் படமெடுத்துத் திரும்பி, 120 படங்கள் கொண்ட தொகுதியை ஐம்பது படிகள் பெங்களூரில் அச்சிட்டவர் அவர். ஆறாயிரம் அச்சுகள்! எந்திரம் இல்லை, சூரிய ஒளியில் ஒவ்வொன்றாகத் தாளை வைத்து எடுத்த அச்சுகள். முதற்படியும் ஐம்பதாம்படியும் ஒத்திருக்க வேண்டுமென்றால் அந்த மனிதரிடம் எத்தகைய ஒழுங்கு இருந்திருக்க வேண்டும்!

1858-இல் அவர் மதுரை, திருச்சி, திருவரங்கம், புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களில் எடுத்த படங்கள் தமிழ்நாட்டுக் கட்டடக்கலை ஆவணங்களில் தலையாயவை. கண்ணாடித் தட்டும் ஈரமான கொல்லோடியனும் பரவிவந்த காலத்தில், அவர் மெழுகூட்டிய தாளையே நெகட்டிவுக்குப் பயன்படுத்தினார். வெப்ப நாட்டில் ஊர் ஊராகச் செல்வோருக்கு அது ஏற்றது. தாளை முன்னதாகவே பக்குவம் செய்து எடுத்துச் செல்லலாம், படமெடுத்த உடனே அந்த இடத்திலேயே கழுவவேண்டிய கட்டாயமும் இல்லை. தட்பவெப்பத்தை முதலில் கணக்கிட்டு, அதற்குப் பொருந்தும் முறையைப் பின்னர் தேர்ந்தெடுத்தார் என்பது கருதத்தக்கது. இன்றுள்ளோர் பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

அவருடைய அருஞ்செயல் தஞ்சையில் நிகழ்ந்தது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை, பெட்டிக் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி நகர்த்தி, 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டினார். ஒட்டிய நீளம் ஏறத்தாழ 19 அடி. இருபத்தொரு நெகட்டிவுகள், இருபத்தொரு அச்சுகள். வெயில் ஏறி இறங்கும் நேரம் வேறு. ஒரு துண்டு கறுத்தும் அடுத்த துண்டு வெளுத்தும் போயிருந்தால் ஒட்டியது கந்தலாகத் தோன்றும். அதைவிட முக்கியமாக, எழுத்துப் படிக்க முடியாமற்போகும். கல்லில் வெட்டிய எழுத்து என்பது பள்ளத்தில் விழும் நிழலன்றி வேறில்லை. அந்தக் கல்வெட்டுகளின் பாடம் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் இரண்டாம் பகுதியாக அச்சேறத் தொடங்கியது 1891-இல். அதற்கு முப்பதாண்டுக்கு மேலாக முன்பே, தாளின் மேல் ஒரே சீரான சாம்பலில் அவை பதிந்துவிட்டன.

அச்சுகள் மங்காதிருக்கப் பொன் உப்புக் கரைசலில் தோய்த்தெடுப்பது அவர் வழக்கம். வானத்துக்கு மட்டும் அவர் ஒரு சிறு பொய் சொன்னார் என்பதையும் மறைக்கலாகாது. அக்காலப் பூச்சுகள் நீல ஒளிக்கே மிகுதியாக இணங்கின; அதனால் நீலவானம் வெறும் வெள்ளையாக விழும். டிரைப் சில நெகட்டிவுகளின் பின்புறத்தில் வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். நல்ல மேகங்கள்தாம். ஆனால் 1858-இன் வானிலையை அவற்றிலிருந்து அறிய முற்படுவோர் ஏமாறுவர். 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இப்பணியை வீண் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார். டிரைப்பின் ஒளிப்பட வாழ்வு பெரும்பாலும் அத்தோடு முடிந்தது.

இனி டோல்கேட்டுக்கு வரலாம். சீரான முறை ஒன்றைக் கட்டமைக்க விரும்புவோர் முதலில் செய்யவேண்டியது, ஆசையைக் குறைப்பது. ஒரு படச்சுருள், ஒரு டெவலப்பர், ஒரு வெப்பநிலை. குறைந்தது ஓராண்டுக்கு இவற்றை மாற்றலாகாது. எந்தச் சுருள் சிறந்தது என்னும் விவாதத்துக்கு முடிவில்லை; எந்தச் சுருள் பத்தாண்டுக்குப் பின்னும் கிடைக்கும் என்பதே கேட்கத்தக்க கேள்வி. உதகையில் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு-வெள்ளைச் சுருளும் தாளும் செய்தது. வடமொழியில் அச்சொல் திங்களைக் குறிக்கும். வெள்ளி உப்பு பூசிய பொருளுக்கு வாய்த்த அழகிய பெயர். மலையின் குளிரும் தூசற்ற காற்றும் அத்தொழிலுக்கு இன்றியமையாதவை. தமிழ்நாட்டிலேயே விளைந்த அந்தச் சுருளை நம்பி முறை வகுத்துக்கொண்டவர்கள் ஆலை நலிந்தபோது கைவிடப்பட்டனர். 2016-இல் அதை மூடவே மைய அரசு முடிவெடுத்தது. வெளிநாட்டிலும் நிலை வேறன்று. பியூஜியின் நியோபான் 400 போயிற்று; அக்ராஸ் 2018-இல் நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு மாற்று வடிவில் திரும்பியது. இல்போர்டின் எச்பி5 பிளஸ் 1989 முதலும், கோடக்கின் டிரை-எக்ஸ் 35 மில்லிமீட்டர் வடிவில் 1954 முதலும் கிடைத்து வருகின்றன. இவ்விரண்டில் ஒன்றைப் பற்றிக்கொள்வது அறிவுடைமை.

டெவலப்பருக்கும் இதே நியாயம் பொருந்தும். 1927-இல் கோடக் வெளியிட்ட டி-76 வாய்பாடு எவரும் அறிந்தது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். கடையில் பொட்டலம் கிடைக்காத நாளிலும் வேதிப்பொருள் கிடைத்தால் வீட்டிலேயே கலக்கலாம். எந்த நிறுவனம் மூடினாலும் வாய்பாடு மூடாது. மெட்டாலை முதலில் கரைக்க வேண்டும், சல்பைட் மிகுந்த நீரில் அது கரையாது. சிலருடைய தோலுக்கு மெட்டால் ஆகாது, கையுறை நல்லது. கலந்த கரைசல் நாட்பட நாட்பட வேகம் மாறும் இயல்புடையது. ஆகவே நிரம்பிய சிறு புட்டிகளில் அடைத்து வைத்து, வேண்டும்போது அதே அளவு தண்ணீர் சேர்த்து, ஒருமுறை பயன்படுத்தியபின் கொட்டிவிடுவதே முறை. சிக்கனம் கருதி மீண்டும் மீண்டும் அதே கரைசலைப் பயன்படுத்துவோரின் படங்களில், மாதம் செல்லச் செல்ல ஊரே மங்கிக்கொண்டு போவது போன்ற தோற்றம் உண்டாகும்.

அடுத்தது வெப்பநிலை. வட சென்னையில் இதுவே பெரும் போராட்டம். மேலைநாட்டு நூல்கள் யாவும் 20 பாகை என்று எழுதி வைத்திருக்கின்றன. இங்கே மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சித்திரையில் வரும் தண்ணீர் 32 பாகைக்கும் மேல் இருக்கும். மார்கழியிலும் 25-க்குக் கீழ் இறங்குவது அரிது. வெப்பம் ஏறினால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நீர்க்காத டெவலப்பரில் எச்பி5-க்கு 20 பாகையில் ஏழரை நிமிடம். 30 பாகையில் அது நான்கு நிமிடத்துக்கும் கீழே போய்விடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் கரைசலை ஊற்றுவதற்கும் வடிப்பதற்கும் ஆகும் சில நொடிகளே படத்தின் அடர்த்தியை மாற்றிவிடும். வானத்தில் திட்டுத்திட்டாகக் கறை விழும். சூட்டில் ஜெலட்டின் பூச்சு ஊறி இளகுவதால், நகம் பட்டாலும் உரியும். வெப்பநாட்டு வேலைக்கென்று சோடியம் சல்பேட் சேர்த்து அந்த ஊறலைக் குறைக்கும் பழைய வழியும் உண்டு. ஆனால் அது இன்னொரு மாறுபடும் பொருளை உள்ளே கொண்டுவருகிறது.

20 பாகைக்கு ஆண்டு முழுவதும் இறக்குவது வீண் வேலை. 24 பாகையைத் தேர்ந்தெடுப்பது நலம். எந்தப் பருவத்திலும் தண்ணீரைக் குளிர்விக்க மட்டுமே வேண்டியிருக்கும், சூடாக்க வேண்டியிராது என்பது அதன் சிறப்பு. ஒன்றுக்கு ஒன்று நீர்த்த டெவலப்பரில் 20 பாகையில் 13 நிமிடம் ஆகும் எச்பி5, 24 பாகையில் ஏறத்தாழ 9 நிமிடத்தில் முடியும். அது கைக்கு வசதியான நேரம்.

பனிக்கட்டிக்கோ இங்கே பஞ்சமில்லை. காசிமேட்டில் மீனுக்காகப் பாளம் பாளமாக வந்திறங்கும் ஊர் இது. பத்து லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 24-க்கு இறக்க ஏறத்தாழ 600 கிராம் பனிக்கட்டி போதும் என்பது பள்ளிக் கணக்கு. வாளியும் அறைச்சூடும் உறிஞ்சுவதற்காகச் சிறிது கூட்டிக்கொள்ளலாம். பனிக்கட்டியை டெவலப்பருக்குள் போடலாகாது. வாளித் தண்ணீரில் போட்டு, டெவலப்பர், ஹைப்போ, கழுவும் நீர் ஆகிய புட்டிகள் யாவற்றையும் அவ்வாளியில் அரைமணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும். வாளிக்கு மட்டுமே ஆதலால் மீன்சந்தைப் பனிக்கட்டியே போதும். அதன் வாடை சுருளுக்குப் போகாது. கழுவும் நீரையும் ஏன் குளிர்விக்க வேண்டும் என்றால், 24 பாகையில் இருந்த பூச்சைத் திடீரென்று 32 பாகை நீரில் விட்டால், அது வறண்ட ஏரித்தரை போல் நுண்ணிய வலையாக வெடிக்க இடமுண்டு.

டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துவதிலும் ஒரு தாளம் வேண்டும். முதல் பத்து நொடியில் நான்கு முறை. பின்னர் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் பத்து நொடியில் நான்கு முறை. கோபம் வந்த நாளில் வேகமாகவும் களைத்த நாளில் மெதுவாகவும் குலுக்குபவரின் நெகட்டிவில் அவருடைய மனநிலை பதியும். கவிதைக்கு அது உதவலாம்.

ஹைப்போவின் வலுவை அறியச் சுருளின் நுனித்துண்டு ஒன்றை அதில் இட்டுப் பார்க்க வேண்டும். துண்டு தெளிவதற்கு ஆகும் நேரத்தைப் போல் இருமடங்கு நேரம் சுருளுக்கு. புதுக் கரைசலில் ஆனதைப் போல இருமடங்கு நேரம் தெளிவதற்கே ஆகுமானால் அதைக் கொட்டிவிட வேண்டும். கழுவுவதற்கு ஓடும் குழாய்நீர் வேண்டும் என்பது பழைய விதி. தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் தெருவில் அரைமணி நேரம் குழாயைத் திறந்துவிடுவது பாவம். 2019 கோடையில் அது இயலாத காரியமாகவும் இருந்தது. இல்போர்டு வகுத்த மாற்று முறையில் டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து, நீரை மாற்றிப் பத்து முறை, மீண்டும் மாற்றி இருபது முறை கவிழ்த்தால் போதும். ஒரு சுருளுக்கு ஒரு லிட்டருக்குள் முடியும். டெவலப்பர் கலக்கவும் இறுதியாக அலசவும் மட்டும் வாலைவடிநீர் வேண்டும். இப்பகுதிக் கிணற்றுநீரின் உப்பு, உலர்ந்த நெகட்டிவில் வெண்புள்ளிகளாக நிற்கும்.

உலர்த்துவது டோல்கேட்டில் ஒரு தனிக் கலை. மின்விசிறியின் கீழ் தொங்கவிட்ட ஈரச் சுருள், தெருவின் புழுதி அனைத்தையும் வாங்கிக்கொள்ளும். கடற்காற்று ஓய்ந்த பின்னிரவில், தரையில் நீர் தெளித்துத் தூசு அடங்கிய குளியலறையில், கதவைச் சாத்தித் தொங்கவிடுவதே சிறந்தது.

இவ்வளவும் கைவந்தபின் அளவு பார்க்க வேண்டும். சுருளின் பெட்டியில் 400 என்று அச்சிட்டிருப்பது ஆலையின் கணக்கு. அவரவர் கேமராவும் ஒளிமானியும் வெப்பமானியும் சேர்ந்து தரும் கணக்கு வேறு. ஆன்சல் ஆடம்சும் பிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி அமெரிக்காவில் வகுத்த மண்டல முறையே இதற்கு அடிப்படை. முழுக்கறுப்பிலிருந்து தாளின் வெள்ளை வரை பத்துப் படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்டாப் வேறுபாடு. ஒளிமானி எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பலாகிய ஐந்தாம் படியாகவே கொள்ளும்.

சோதனைக்கு நிழலில் உள்ள ஒரு சுவர் போதும். ஒளிமானி சொல்வதிலிருந்து நான்கு ஸ்டாப் குறைத்து, 100, 200, 400 என வெவ்வேறு வேகங்களில் அச்சுவரைப் பதிய வேண்டும். சுருளைக் கழுவி உலர்த்தியபின், ஒளி படாத வெற்றுப் பகுதியைத் தாளின்மேல் வைத்து, முழுக்கறுப்பு விழுவதற்கு என்லார்ஜரில் ஆகும் மிகக் குறைந்த நேரத்தைக் காண வேண்டும். என்லார்ஜரின் உயரம், துளை, தாள், தாளின் கிரேடு ஆகிய எதையும் மாற்றாமல் அந்நேரத்திலேயே எல்லாச் சட்டங்களையும் காண்டாக்ட் எடுத்தால், முழுக்கறுப்பிலிருந்து மயிரிழை வேறுபடும் சட்டம் எதுவோ அதுவே அவருடைய உண்மையான வேகம். எச்பி5-ஐ எடுப்போரில் பலருக்கு அது 200 முதல் 320 வரை அமைகிறது. பின்னர் அதே சுவரை மூன்று ஸ்டாப் கூட்டிப் பதிய வேண்டும். அது தாளில் வெறும் வெள்ளையாகிவிட்டால் கழுவும் நேரம் மிகுதி. அழுக்குச் சாம்பலானால் நேரம் போதாது. இரண்டு மூன்று சுருள்கள் இதில் செலவாகும். ஈரத்தாளைப் பார்த்து முடிவு செய்யலாகாது, உலர்ந்தபின் அது ஓரளவு கறுக்கும்.

மெட்ரோ பாலத்தின் நிழலில் நிற்கும் தேநீர்க் கடையும், அதற்கப்பால் வெயிலில் நிற்கும் வெள்ளைக் கன்டெய்னரும் ஒரே சட்டத்தில் வரவேண்டும் என்றால், இடையே ஏழு ஸ்டாப்புக்கு மேல் இருக்கும். அத்தகைய ஒளிக்கு 200 வேகத்தில் எடுத்து, கழுவும் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கலாம். நிழலை ஒளிமானியால் அளந்து அதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து எடுப்பது பாதுகாப்பான வழி. இயல்பான முறை ஒன்று, வெயில் முறை ஒன்று என இரண்டே போதும். மூன்றாவதை அனுமதித்தால் பத்தாவதும் வந்து சேரும்.

வடிகண்ணாடியைப் பற்றி ஒரு சொல். மஞ்சள் வடிகண்ணாடி வானத்தைச் சற்றுக் கறுக்கச் செய்து மேகத்தை எடுத்துக்காட்டும்; தொலைவில் படரும் நீலப் பனிமூட்டத்தையும் ஓரளவு நீக்கும். அழகுக்கு அது நல்லது. எண்ணூர்ப் பக்கத்து மூட்டத்தையே பதிய விரும்புவோர் அதைப் பையில் வைத்துவிடுவது நேர்மை. டிரைப் தீட்டிய மேகமும் மஞ்சள் கண்ணாடி வரவழைக்கும் மேகமும் ஒன்று என்று சொல்ல முடியாது. ஆயினும் போட்டதையாவது குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தபின் எடுத்த படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. அவற்றில் புகை எவ்வளவு கரியது என்று எவரும் அளந்து சொல்ல இயலாது. எந்தத் தட்டு, எத்தனை நொடி, எந்தக் கரைசல் என்ற குறிப்பு படத்தோடு வரவில்லை.

பாதுகாப்பிலும் இவ்வூருக்கெனத் தனித்த ஆபத்து ஒன்று உண்டு. வெள்ளிக் கொலுசு கறுப்பதை இல்லத்தரசியர் அறிவர். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைப் பற்றுவதே காரணம். கறுப்பு-வெள்ளைப் படத்தின் உருவமும் நுண்ணிய வெள்ளிதான். 1969 முதல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நடைபெறும் நிலப்பரப்பில், அட்டைப்பெட்டியில் போட்டுவைத்த அச்சுகள் மஞ்சளிப்பதில் வியப்பில்லை. டிரைப் பொன்னைப் பயன்படுத்தியது போல் இன்றுள்ளோர் செலீனியக் கரைசலில் அச்சுகளைத் தோய்க்கலாம். அது நச்சுப்பொருள், காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யவேண்டும். நெகட்டிவுகளை இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, அதன் நிறம் மாறும்போதெல்லாம் வாணலியில் வறுத்துத் திரும்ப இட வேண்டும். இல்லையேல் ஐப்பசி அடைமழையில் பூஞ்சை வேர்விடும்.

இருட்டறையில் அச்சிட வசதியற்றோர் நெகட்டிவை இன்று டிஜிட்டல் கேமராவால் படியெடுக்கின்றனர். குற்றமில்லை. ஆனால் கணினி ஒவ்வொரு சட்டத்தையும் தானாகவே ‘சரிசெய்து’ தரும் வசதியை முதலில் அணைக்க வேண்டும். ஒன்பது நிமிடம் கடிகாரம் பார்த்துக் காத்த வேறுபாட்டை அது ஒரு நொடியில் துடைத்துவிடும்.

இறுதியாகச் சாட்சித் துண்டு. ஒரு முழுச் சுருளில் சாம்பல் அட்டை ஒன்றை ஒரே ஒளியில் ஒரே அளவில் பதிந்து, கழுவாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை படம் கழுவும்போதும், இருட்டில் அதிலிருந்து விரலளவு வெட்டி உடன் சேர்த்துக் கழுவ வேண்டும். இன்றைய துண்டையும் முதல் துண்டையும் சன்னல் வெளிச்சத்தில் அருகருகே பிடித்தால், வேலையில் பிழை நேர்ந்ததா என்பது உடனே தெரிந்துவிடும். அவ்வாறே, தெருவில் எடுக்கும் ஒவ்வொரு சுருளின் முதற்சட்டத்திலும், எடுக்கப்போகும் சுவரருகே அந்த அட்டையைப் பிடித்து ஒரு படம். குறிப்பேட்டில் சுருள் எண், நாள், இடம், காற்றடித்த திசை, டெவலப்பர் கலந்த தேதி, வெப்பநிலை, நேரம். துண்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம். நாளைக் காலை தொடங்க விரும்புவோர்க்கு மெட்ரோ நிலையத்துக்குக் கீழே, நிழல் மாறாத ஒரு தூணும் அதன்மேல் சுண்ணாம்பும் இருக்கின்றன. ஒன்பது மணிக்குள் போனால் லாரி நெரிசல் குறைவு.